பாடத்திட்டம் மாறிவிட்டது, நம் வகுப்பில் எது மாறியிருக்கிறது?

வெண்கட்டி:

புதிய பாடநூல்கள் கைக்கு வந்து ஒரு பருவம் ஓடிவிட்டது. பயிற்சி வகுப்புகளும் முடிந்துவிட்டன. அங்கே பெரும்பாலும் பேசியது நூலில் என்ன புதிதாகச் சேர்ந்திருக்கிறது, எந்த அலகு எந்த வகுப்புக்கு இறங்கியிருக்கிறது, கற்றல் விளைவுகளைப் பாடக்குறிப்பில் எப்படி எழுத வேண்டும் என்பதைப் பற்றித்தான். நான் கேட்க நினைப்பது வேறு. முதல் பீரியடில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது, போன வருடம் செய்யாத எதை இந்த வருடம் செய்கிறோம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டம் எதுவாக இருந்தாலும், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே யாருக்கு எது புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிகிறதா, தெரிந்ததை வைத்து அடுத்த பத்து நிமிடத்தை மாற்றிக்கொள்கிறாரா, இவை இரண்டும்தான் கற்றலைத் தீர்மானிக்கின்றன. கல்வி ஆய்வாளர்கள் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998-ல் ஏறக்குறைய 250 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னதன் சாரமும் இதுதான். அப்படி நடக்கும் வகுப்புகளில் கற்றல் நன்றாக உயர்கிறது, பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதனால் கிடைக்கும் பலன் இன்னும் கூடுதல். ஆனால் இதுவே வளரறி மதிப்பீடு என்ற பெயரில் பள்ளிக்கு வந்து சேரும்போது ஒரு பதிவேடாகவும் மதிப்பெண் கட்டமாகவும் சுருங்கிவிடுகிறது, மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்புகிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன வரும்? உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் 12 எழுதுவார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 எழுதுவார்கள். அமெரிக்காவில் தாமஸ் கார்ப்பென்டர் குழுவினர் இதையே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கேட்டபோது ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. கூட்டத் தெரியாததால் இல்லை. சமன் குறி என்றால் 'இதற்குப் பக்கத்தில் விடையை எழுது' என்று அவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்பது பதியவில்லை. இந்தப் பிள்ளைதான் அடுத்த வருடம் 3x + 2 = x + 10 என்ற சமன்பாட்டின் முன்னால் திகைத்து உட்காரும். பாடநூலை எத்தனை முறை மாற்றினாலும் இது தானாக வெளியே தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

பின்னம்:

வெண்கட்டி சார், நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை, ஆனால் போர்ஷன் என்று ஒன்று இருக்கிறதே, அதை யார் முடிப்பது? புதிய நூலில் செயல்பாடுகள் கூடியிருக்கின்றன, திட்டப்பணி வந்திருக்கிறது, உயர்சிந்தனை வினாக்கள் வந்திருக்கின்றன, பழைய அலகுகளும் அப்படியே இருக்கின்றன, பாடவேளை மட்டும் அதே நாற்பது நிமிடம். சமன் குறிக்கு ஒரு பீரியட் கொடுத்தால் அந்த வாரம் முடிக்க வேண்டியது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். பாடத்திட்டம் போடுகிறவர்கள் ஒன்றைச் சேர்க்கும்போது ஒன்றை எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 2004-ல் பிரதமர் லீ சியன் லூங், குறைவாகக் கற்பித்துக் கூடுதலாகக் கற்க வைப்போம் என்று சொல்லி, அதற்குப் பிறகு பாடப்பொருளையே குறைத்தார்கள். நேரம் கிடைக்காமல் கற்பித்தல் முறை மாறாது.

கேள்வி கேட்பது பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஏதோ ஒரு கேள்வி போதாது. 0.8, 0.35 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் 0.35 என்று சொல்கிறவர்களைப் பிடித்துவிடலாம், 35 எட்டைவிடப் பெரிது என்று நினைக்கிறார்கள். ஆனால் 0.8 என்று சரியாகச் சொன்னவர்களில் இன்னொரு கூட்டம் உண்டு. பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது, ஆகவே இலக்கம் குறைந்த தசமம்தான் எப்போதும் பெரியது என்று நினைப்பவர்கள். அவர்களிடம் 0.3, 0.45 கேளுங்கள், 0.3 என்பார்கள். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டு அனுப்பியிருப்போம். அதனால் கேள்வியைத் தயாரிப்பதுதான் பாடம் தயாரிப்பதில் முக்கால் பங்கு என்பது என் கருத்து, அதற்கும் நேரம்தான் வேண்டும்.

ஆய்வகமேசை:

அறிவியல் பக்கம் இருந்து. புதிய நூலில் செயல்பாடுகள் அதிகம், எனக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் கை வேலை செய்தால் மூளையும் வேலை செய்கிறது என்று நாம் எடுத்துக்கொள்வது ஆபத்து. ஒளிச்சேர்க்கை பாடத்தில் பிள்ளைகள் இலை சேகரிக்கிறார்கள், படம் வரைகிறார்கள், இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று அயோடின் சொட்டி நிறம் மாறுவதைப் பார்க்கிறார்கள், சமன்பாட்டையும் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். அப்புறம், 'ஒரு சின்ன விதை பெரிய மரமாகிறது, அந்த மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டால் மண்ணிலிருந்து, உரத்திலிருந்து என்கிறார்கள். எடையின் பெரும்பகுதி காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகிறது என்பதை நம்பவே மறுக்கிறார்கள். சமன்பாட்டில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் மறுக்கிறார்கள்.

நான் அந்தப் பாடத்தை இப்போது வான் ஹெல்மான்ட் என்ற பழைய கால அறிவியலாளரின் சோதனையில் தொடங்குகிறேன். அவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருடம் கழித்து மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்தால் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். இதுவரை சொல்லி நிறுத்திவிட்டு, மீதி எடை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஆளுக்கொரு வரி எழுதச் சொல்வேன். தண்ணீரிலிருந்துதான் என்று சிலர் எழுதுவார்கள், வான் ஹெல்மான்டும் அப்படித்தான் முடிவு செய்தார், அவருடைய எழுத்து 1648-ல் வெளிவந்தது. அவர் தவறவிட்டது எது என்று பிள்ளைகள் தேடத் தொடங்கும்போது காற்று வகுப்புக்குள் வருகிறது. அயோடின் சோதனையை அதற்குப் பிறகு செய்தால் அதே சோதனைக்கு வேறு பலன். முன்பு மூன்று செயல்பாடு செய்த இடத்தில் ஒன்று போதுமாக இருக்கிறது, பின்னம் சார் கேட்ட நேரத்தில் கொஞ்சம் அங்கேயே கிடைக்கிறது.

தொடக்கநிலை டீச்சர்:

நீங்கள் எல்லோரும் மேல்வகுப்பு எடுப்பவர்கள். என் கவலை வேறு. நான்காம் வகுப்பு நூலில் அழகான கதைகள், உரையாடல்கள், கலந்துரையாட வினாக்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையிடம் 'இந்தப் பாத்திரத்தின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்' என்று கேட்பது நியாயமா? கதையை நான் வாசித்துக் காட்டினால் அதே பிள்ளை அருமையாகப் பதில் சொல்கிறது. யோசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை, வாசிப்புதான் வழியை மறிக்கிறது.

புதிய பாடத்திட்டம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்துக் கற்பார்கள் என்ற பேச்சு பலமாக வருகிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்க முடியாது, அதை முறையாக, வரிசையாக, நேரடியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தெரிந்த பிறகு கண்டுபிடிக்க எவ்வளவோ இருக்கிறது. பிரதம் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய நிலைக்கேற்ற கற்பித்தலைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், இப்போது ஆப்பிரிக்க நாடுகளிலும் நடக்கிறது. வகுப்பை வைத்துப் பிரிக்காமல், எழுத்து நிலை, சொல் நிலை, பத்தி நிலை என்று பிள்ளை எங்கே நிற்கிறதோ அதை வைத்துக் குழு பிரித்து, நாளில் ஒரு பகுதி நேரம் அந்த நிலையிலேயே கற்பிப்பது. மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளை ஒரு மணி நேரத்துக்குக் கலந்து உட்கார வைத்தால் இது நடக்கும். ஆனால் பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரி 'நான்காம் வகுப்புப் பாடம் எங்கே' என்றுதான் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் துணையாக ஒரு எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும், அது இல்லாதவரை பயந்து பயந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது.

பழையமணி:

நான் நிறையப் பாடத்திட்டங்களைப் பார்த்தவன். எதுவும் மாறாது என்று சொல்ல வரவில்லை, ஆனால் எதனால் மாறாமல் போகிறது என்பதைச் சொல்லலாம். 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய்ப் புதிய கணிதம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கணங்கள், எண் அடிமானங்கள், அமைப்புகள் என்று பெரிய கணித அறிஞர்கள் உட்கார்ந்து எழுதிய பாடத்திட்டம், உள்ளடக்கத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் அதை எடுக்க வேண்டிய ஆசிரியருக்கு ஏன் இது என்று புரியவில்லை, பெற்றோருக்கும் புரியவில்லை, 1970-களில் அது ஓய்ந்துவிட்டது.

பின்னம் சார் சிங்கப்பூரைச் சொன்னார். ஜப்பானையும் பாருங்கள். 2002-ல் பாடப்பொருளை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தார்கள், ஒருங்கிணைந்த கற்றலுக்கென்று தனி நேரம் ஒதுக்கினார்கள். பிசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வில் 2003-ல் தரவரிசை இறங்கியதும் ஒரே கூச்சல், 2011 முதல் தொடக்கப்பள்ளியில் பாடப்பொருள் மறுபடியும் கூடிவிட்டது. அந்த இறக்கத்துக்குப் பாடக் குறைப்புதான் காரணமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது, அதை விடுங்கள். குறைத்துக் கிடைத்த நேரத்தில் என்ன செய்வது என்று ஆசிரியர் தெளிவாக இல்லாவிட்டால் குறைப்பு நிலைக்காது என்பதுதான் நான் எடுத்துக்கொள்வது.

அடுத்தது தேர்வு. ஸ்காட்லாந்தில் 2010-ல் தொடங்கிய பாடத்திட்டத்தை ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2021-ல் ஆராய்ந்தபோது முக்கியமாகச் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, மேல்வகுப்புத் தேர்வுகள் பாடத்திட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தவில்லை என்பது. கீழ்வகுப்பில் ஒரு மாதிரியும் தேர்வு வகுப்பு வந்ததும் வேறு மாதிரியும் கற்பிக்கிறோம். எந்த அலகுக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் வினாத்தாள் புளூபிரிண்ட் கைக்கு வந்த அன்றைக்கே பாடத்திட்டத்தின் முன்னுரை செத்துப்போகிறது. வெண்கட்டி சொல்லும் அத்தனையும் பத்தாம் வகுப்பு வாசலில் நின்றுவிடும், நல்ல ஆசிரியராக இருந்தாலும்.

வெண்கட்டி:

பழையமணி ஐயா, தேர்வு மாற வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் தேர்வுக்காகக் கற்பிப்பதற்கும் புரியக் கற்பிப்பதற்கும் நடுவில் நாம் நினைக்கிற அளவு இடைவெளி இல்லை என்று நினைக்கிறேன். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் செய்த சோதனை ஒன்று. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு கூட்டம், படித்துவிட்டு நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு கூட்டம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முன்னால். நம் பள்ளிகளில் திருப்புதல் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை, அது முடிந்த கையோடு கேட்டால் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும்.

பீரியட் தொடங்கியதும் ஐந்து நிமிடம், நோட்டை மூடி வைத்து மூன்று கேள்வி: ஒன்று நேற்றைய பாடத்தில், ஒன்று போன வாரத்தில், ஒன்று போன மாதத்தில். மதிப்பெண் கிடையாது, பதிவேடு கிடையாது. விடையைப் பிள்ளைகளே சரிபார்க்கட்டும். இது தேர்வுக்கும் உதவும், பழைய பாடத்தில் எது நழுவியிருக்கிறது என்று எனக்கும் காட்டும். வருகைப்பதிவு எடுக்கும் நேரத்தில் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடலாம்.

புதுவரவு:

நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில், எல்லோருக்கும் என்ன புரிந்தது என்று எப்படித்தான் பார்ப்பது? கேள்வி கேட்டால் முன்வரிசையில் நான்கைந்து பேர் கை தூக்குகிறார்கள், அவர்கள் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். குழுவாகப் பிரித்தால் சத்தம், பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்க்கிறார். நோட்டுத் திருத்தவே மாலை நேரம் முழுவதும் போகிறது. கொஞ்சம் நடைமுறையாகச் சொல்லுங்கள்.

பின்னம்:

புதுவரவு டீச்சர், கை தூக்குவதை நிறுத்திவிடுங்கள், கேள்வி எல்லோருக்கும் என்று ஆக்குங்கள். கேள்விக்கு நான்கு விடை கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாது, உங்களுக்கு ஐம்பதும் ஒரே பார்வையில் தெரியும். சிலேட்டு இருந்தால் இன்னும் நல்லது. பாதிப் பேர் தவறாகக் காட்டினால் சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991 முதல் இயற்பியல் வகுப்பில் இதைத்தான் செய்தார், வகுப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நடக்கும். சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் பாடம்தான் இருக்கிறது என்று பக்கத்து வகுப்பு டீச்சரை ஒரு நாள் உள்ளே அழைத்துக் காட்டுங்கள், அவரும் செய்யத் தொடங்கலாம்.

ஆய்வகமேசை:

இன்னொன்று, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று விநாடி கொஞ்சமாகத் தோன்றும், வகுப்பில் நின்று பார்த்தால் மிக நீளமாக இருக்கும். பதில் வந்த பிறகும் உடனே சரி, தவறு என்று சொல்லாமல் இன்னொரு மூன்று விநாடி. அதில்தான் இரண்டாவது பிள்ளை வாயைத் திறக்கும்.

நோட்டுத் திருத்துவது பற்றி: எல்லாப் பக்கத்திலும் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் வாங்கியவர்கள் முன்னேறவில்லை. மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்து வாங்கியவர்களும் முன்னேறவில்லை. எண்ணைப் பார்த்ததும் கருத்தை யாரும் படிப்பதில்லை போலும். வாரத்துக்கு எட்டுப் பத்து நோட்டை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வரி, பிள்ளை திரும்பச் செய்ய வேண்டிய ஒரு வேலையாக எழுதுங்கள். 'நன்று', 'கவனம் தேவை' வேண்டாம். 'மூன்றாவது கணக்கில் பகுதியைச் சமமாக்காமல் கூட்டியிருக்கிறாய், படம் வரைந்து மறுபடி செய்' என்று. அதைச் செய்ய வகுப்பிலேயே நேரம் கொடுங்கள், வீட்டுக்கு அனுப்பினால் வராது.

தொடக்கநிலை டீச்சர்:

ஒரு எச்சரிக்கை. எல்லோரையும் கேட்கிறோம் என்று தயங்குகிற பிள்ளையை எழுப்பி நிறுத்தினால் அன்றோடு அது கூசிப்போய்விடும். தவறான விடைக்கு வகுப்பு சிரிக்கும் என்று இருக்கும்வரை விரலும் சிலேட்டும் ஒன்றும் செய்யாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிவிடுவார்கள். நான் சிலேட்டுகளைப் பார்த்துவிட்டு, யாருடையது என்று சொல்லாமல், ஒரு தவறான விடையைக் கரும்பலகையில் எழுதி, 'இப்படி யோசித்தவர் என்ன நினைத்திருப்பார்?' என்று கேட்பேன். அவர் யோசித்ததில் எது சரி, எங்கே திரும்பியிருக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எழுதிய பிள்ளை பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும், சில நாட்கள் போனால் 'அது நான்தான் டீச்சர்' என்று தானே சொல்லும்.

பழையமணி:

இதெல்லாம் நல்ல வழிகள்தான், இவற்றில் சிலவற்றை நானும் செய்திருக்கிறேன். ஆனால் தனித்தனியாக ஒவ்வொருவரும் தம் கதவை மூடிக்கொண்டு செய்தால் அவர் மாறுதலாகிப் போகிற அன்று அதுவும் போய்விடும். பாடத்திட்ட ஆய்வாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-லேயே வலியுறுத்தினார், ஆசிரியர் வளராமல் பாடத்திட்டம் வளராது என்று. ஜப்பானில் பாட ஆய்வு என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்று நடக்கிறது. நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், பிள்ளைகள் என்ன என்ன விடை சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது பிள்ளைகளை, ஆசிரியரை இல்லை. நம் ஊர்வழக்கில் யாராவது வகுப்புக்குள் வந்தால் ஆசிரியரைக் குறை கண்டுபிடிக்க வருகிறார் என்றுதான் அர்த்தம், அதனால் யாரும் கதவைத் திறப்பதில்லை. தலைமை ஆசிரியர் வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரே பாடம் எடுப்பவர்களுக்குப் பொதுவாக ஓய்வு வருகிற மாதிரிக் கால அட்டவணை போட்டால் போதும், தனி நிதி ஒன்றும் வேண்டாம்.

பின்னம்:

ஐயா, அந்த ஓய்வு பீரியடில்தானே வராத ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்புகிறார்கள்.

பழையமணி:

உண்மைதான். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் ஊதியம், மாறுதல் பற்றிக் கேட்கிற நாம் இதையும் ஒரு கோரிக்கையாக வைத்ததில்லை.

புதுவரவு:

மிக்க நன்றி, விரல் காட்டும் முறையை நாளைக்கே செய்கிறேன். விசை பாடம் அடுத்த வாரம் தொடங்குகிறது. அதற்கு நான்கு விடை உள்ள ஒரு நல்ல கேள்வி யாராவது தர முடியுமா? நூலின் பின்பக்க வினாக்கள் எல்லாம் வரையறை கேட்பதாகவே இருக்கின்றன.

ஆய்வகமேசை:

இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். அது கையை விட்டுப் பிரிந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் பந்தின் மேல் செயல்படும் விசை எது? ஒன்று, மேல்நோக்கிய விசை மட்டும். இரண்டு, மேல்நோக்கியும் கீழ்நோக்கியும், மேல்நோக்கியது பெரிது. மூன்று, கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டும். நான்கு, எந்த விசையும் இல்லை.

விடை மூன்று. பெரும்பாலானோர் இரண்டைக் காட்டுவார்கள், எறிந்த கை கொடுத்த விசை பந்துக்குள் இன்னும் இருக்கிறது என்ற நினைப்பு. பதினான்காம் நூற்றாண்டில் புரிதான் போன்ற அறிஞர்களே ஏறக்குறைய அப்படித்தான் விளக்கினார்கள், அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தவறாகச் சொன்னவர்களுக்குத் தெம்பு வரும். ஒன்றைக் காட்டுகிறவர்கள் நகரும் திசையில்தான் விசை இருக்கும் என்று நினைக்கிறார்கள், அவர்களிடம் பந்து திரும்பி விழும்போது என்ன என்று கேளுங்கள். நான்கு என்றால் விசையைத் தொடுதலோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறார்கள், கை விட்டதும் எல்லாம் முடிந்தது என்று. வாதாட விட்டுவிட்டு மறுபடி கேட்கும்போது, பந்து உச்சியில் நிற்கிற கணத்தில் என்ன விசை என்றும் சேர்த்துக் கேளுங்கள், மூன்று என்று சரியாகச் சொன்னவர்களிலும் சிலர் அங்கே நான்குக்குப் போய்விடுவார்கள். நியூட்டனின் முதல் விதியை அதற்குப் பிறகு எழுதிப் போடுங்கள்.